ஜேசன் வந்துவிட்டது, ஆப்ஜெக்ட் வந்ததா?

"ஜேசன்லதானே வருது, அப்படியே எடுத்துப் போட்டா சரி." மென்பொருள் வேலை பழகுகிற பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது. ஜேசன் (JSON) என்பது கணினிகள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பப் பயன்படுத்தும் ஓர் எழுத்து வடிவம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வகுப்புக்குப் போகிறவர்கள் மட்டுமா, கொழும்பில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் எடுப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் சம்பளக் கணக்கு பிசகுகிறது, போன் இலக்கத்தின் முதல் பூச்சியம் காணாமல் போகிறது, 3ஆம் திகதி செய்த வேலை 2ஆம் திகதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மாறி, ஃபங்ஷன் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும், இந்தக் கட்டுரை புரியும். எந்த மொழியில் நிரல் எழுதினாலும் அடிப்படை ஒன்றுதான்.

## வருவது வெறும் எழுத்து

ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தரவு அனுப்பும்போது பெரும்பாலும் எழுத்தாகத்தான் அனுப்புகிறது. வெறும் கட்டுரைபோல அல்லாமல், எது பெயர், எது மதிப்பு, எது பட்டியல் என்று குறிகளால் பிரித்துக்காட்டிய எழுத்து. இதைத்தான் கட்டமைப்புள்ள உரை என்கிறோம். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி, 1998இல் தரமாக்கப்பட்ட எக்ஸ்எம்எல் எல்லாம் இந்த வகைதான். இன்று அதிகம் புழங்குவது ஜேசன். 2000களின் தொடக்கத்தில் டக்ளஸ் குரோக்ஃபோர்ட் என்ற நிரலாளர் அதைப் பரவலாக்கினார். இப்போது நடைமுறையில் இருக்கும் இணையத் தரம் 2017இல் வந்தது.

ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுவையைப் போனில் பதிகிற செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து அலுவலகக் கணினிக்கு இப்படி ஒன்று வருகிறது (செக்ரோல் என்பது தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு):

```
{
  "செக்ரோல் இலக்கம்": "0047",
  "திகதி": "2025-04-03",
  "வேலை": "கொழுந்து",
  "நிறைகள்": [7.8, 9.4, 6.9]
}
```

(ஆம், ஜேசனில் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். யாரும் தடுப்பதில்லை, பழக்கம்தான் இல்லை.)

இதைப் பார்த்தவுடன் நம் மூளை மூன்று நிறைகளையும் கூட்டி 24.1 என்று சொல்லிவிடும். கணினியால் இந்த நிலையில் அது முடியாது. அதற்கு 7.8 என்பது ஏழு, புள்ளி, எட்டு என்று வரிசையாக நிற்கும் மூன்று எழுத்துகள். அடைப்புக்குறியும் காற்புள்ளியும்கூட அதே வரிசையில் நிற்கும் எழுத்துகள்தான். கூட்டவோ ஒப்பிடவோ வேண்டுமானால் அந்த எழுத்துகள் எண்ணாக மாறவேண்டும். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

## துண்டும் செக்ரோலும்

நிறுவைச் செயலிக்கு முந்திய காலத்தை எடுத்துக்கொள்வோம். மலையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் பேரையும் கிலோவையும் குறித்துக்கொள்வார். அந்தத் துண்டு பிறகு ஆபீசுக்குப் போகும். அங்கே கிளாக்கர் அதைப் பார்த்துச் செக்ரோலில் ஏற்றுவார்.

கிளாக்கர் செய்வது ஒரே வேலைபோலத் தெரியும். உண்மையில் இரண்டு. முதலாவது, கையெழுத்தை வாசிப்பது: இது ஏழா, ஒன்றா, இந்தக் கோடு பிரிக்கிற கோடா, அடித்த கோடா. இதற்குத் தேயிலை பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, வாசித்ததைச் செக்ரோலின் கட்டங்களில் வைப்பது. கிலோ கட்டத்தில் கிலோதான் வரவேண்டும், திகதி கட்டத்தில் திகதிதான் வரவேண்டும், அந்த இலக்கத்தில் ஓர் ஆள் பேர்ப்பதிவில் இருக்கவேண்டும். ஒரே நிறுவையில் 78 கிலோ என்று துண்டில் தெளிவாக எழுதியிருந்தாலும் கிளாக்கர் பேனாவை வைத்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுவார். வாசித்ததில் பிழை இல்லை, ஏற்றத்தான் முடியாது.

கணினியிலும் இதே இரண்டு வேலைதான், இதே வரிசையில்.

## முதல் வேலை: வாசிப்பது

எழுத்து வரிசையை வாசித்து, இலக்கண விதிப்படி துண்டுதுண்டாகப் பிரித்து, எதற்குள் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பார்சிங் என்பார்கள். அதைச் செய்யும் நிரல் பார்சர். ஜேசன் பார்சருக்குத் தெரிந்த மதிப்புகள் ஆறே வகை: எழுத்துத்தொடர், எண், உண்மை–பொய், பட்டியல், பெயரும் மதிப்புமாக வரும் தொகுப்பு, அப்புறம் "ஒன்றுமில்லை" என்று சொல்கிற நல். அவ்வளவுதான். திகதி என்று ஒரு வகை இல்லை. பணம் என்று இல்லை. முழு எண்ணும் தசம எண்ணும் வேறுவேறு என்றுகூடப் பிரிக்கவில்லை.

ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் பார்சர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் நிறைகள் இருக்கவேண்டிய இடத்தில் "மழை" என்று இருந்தால் அதற்குக் கவலையே இல்லை. அது சரியான எழுத்துத்தொடர், ஆகவே சரியான ஜேசன். இணையத்தில் ஜேசன் சரிபார்க்கும் தளத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு "வேலிட் என்று காட்டுது, தரவு சரி" என்று சொல்கிறவர்கள், கையெழுத்து அழகாக இருக்கிறது, ஆகவே கணக்கு சரி என்கிறார்கள்.

## இரண்டாம் வேலை: கட்டத்தில் வைப்பது

நிரலுக்குள் ஒரு மதிப்பு எப்படிப்பட்டது, அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது டைப், தமிழில் வகை. பல மதிப்புகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் வகை சொல்லி, ஒரே அமைப்பாக அறிவிக்கலாம். சில மொழிகளில் இதைக் கிளாஸ் என்பார்கள், சிலவற்றில் ஸ்ட்ரக்ட். அந்த அமைப்பின்படி உண்மையான மதிப்புகளோடு நினைவகத்தில் உருவாகிற ஒன்று ஆப்ஜெக்ட். செக்ரோலின் வெற்றுத் தாள் கிளாஸ் என்றால், எழுதி நிரப்பிய ஒரு வரி ஆப்ஜெக்ட்.

நம் தோட்டச் செயலிக்கு வகையை இப்படி எழுதலாம். எந்த மொழியின் இலக்கணமும் இல்லை, கருத்து மட்டும் (கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை):

```
வகை நாள்பதிவு
  செக்ரோல் இலக்கம் : எழுத்துத்தொடர்
  திகதி            : திகதி
  வேலை             : கொழுந்து அல்லது கவ்வாத்து அல்லது புல்வெட்டு
  நிறைகள்          : தசம எண்களின் பட்டியல்
```

எழுத்தாக வந்ததை வாசித்து, இந்த வகையின் ஆப்ஜெக்டாகக் கட்டி எழுப்புகிற முழு வேலைக்கும் டீசீரியலைசேஷன் என்று பெயர். ஜாவாவில் ஜாக்சன், சி ஷார்ப்பில் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன், பைத்தானில் பைடான்டிக், ரஸ்ட்டில் செர்டே என்று ஒவ்வொரு மொழிக்கும் பேர்பெற்ற நூலகங்கள், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகள், இருக்கின்றன. அவை செய்வது மந்திரம் இல்லை. வகையில் என்ன புலங்கள் (பெயரிட்ட கட்டங்கள்) இருக்கின்றன என்று பார்க்கும்; ஒவ்வொரு பெயரையும் ஜேசனில் தேடும்; கிடைத்த மதிப்பு கேட்ட வகைக்கு மாறுமா என்று பார்க்கும்; மாறினால் வைக்கும், மாறாவிட்டால் பிழை சொல்லும். சில நூலகங்கள் நிரல் ஓடும்போதே கிளாஸைத் திறந்து பார்த்து இதைச் செய்கின்றன. செர்டேபோலச் சில, நிரலைத் தொகுக்கும்போதே (கம்பைல் செய்யும்போதே) அதற்கான நிரலை எழுதிவைத்துவிடுகின்றன.

இதுவரை வந்தது: வருவது எழுத்து. பார்சர் அதை ஆறு பொதுவகை மதிப்புகளாகப் பிரிக்கிறது. அடுத்த படியில் அந்த மதிப்புகள் நாம் அறிவித்த வகைக்குள் போகின்றன, அல்லது போக மறுக்கின்றன. சுவாரசியமான பிழைகள் எல்லாம் இந்த இரண்டாம் படியில்தான் இருக்கின்றன.

## 2.1 கிலோ எங்கே போனது?

நிறைகளைத் தசம எண்ணாக அறிவிக்காமல் முழு எண்ணாக அறிவித்துவிட்டால் என்ன நடக்கும்? வருவது 7.8. கட்டமோ முழு எண்ணுக்கானது.

இதற்கு எல்லா நூலகமும் ஒரே பதில் சொல்வதில்லை, அதுதான் ஆபத்து. கோ மொழியின் ஜேசன் நூலகம் இந்த எண்ணை முழு எண்ணுக்குள் வைக்கமுடியாது என்று பிழை சொல்லி நிறுத்திவிடும். சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனும் அப்படியே. ஜாக்சன் வேறு ரகம்: நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 7 என்று வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போய்விடும். பைடான்டிக்கின் முதல் பதிப்பும் வெட்டியது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு மறுக்கிறது.

வெட்டினால் நம் உதாரணத்தில் 7, 9, 6. கூட்டினால் 22. பறித்தது 24.1. ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 2.1 கிலோ, எந்தத் தராசும் பிழைக்காமல், யாரும் கை வைக்காமல் காணாமல் போகிறது. எட்டு என்று முழுமையாக்கியிருந்தால்கூட ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். வெட்டுவது எப்போதும் ஒரே பக்கம்தான் குறைக்கும். நிறுவையில் கழிப்பது பற்றிய முறைப்பாடு மலையகத்துக்குப் புதிதல்ல. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே கழிக்கிற ஆளாவது கண்ணுக்குத் தெரிந்தார். அவரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம். இங்கே கழித்தது வகை அறிவிப்பில் இருக்கும் ஒரு சொல். நிர்ணயித்த கிலோ வரவில்லை என்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால், அந்தச் சொல்லைப் போய் யார் தேடுவது?

ஆகவே வகையைத் தேர்ந்தெடுப்பது தொழில்நுட்ப வேலை மட்டும் இல்லை என்பது என் எண்ணம். நிறையை முழு எண்ணாக வைப்பதா, தசமமாக வைப்பதா என்று தீர்மானிக்கிறவருக்கு மலையில் எப்படி நிறுக்கிறார்கள் என்று தெரிந்திருக்கவேண்டும்.

பணத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. கணினியின் சாதாரணத் தசம வகை இரண்டின் அடுக்குகளில் எண்ணை வைப்பதால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வால் முளைக்கும். ரூபா, சதத்துக்கு அந்த வகை வேண்டாம். டெசிமல் என்று தனி வகை பல மொழிகளில் உண்டு. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சதமாக்கி முழு எண்ணில் வையுங்கள்.

## இலக்கம் எல்லாம் எண் அல்ல

ஹட்டனுக்கு 051, நுவரெலியாவுக்கு 052, பதுளைக்கு 055, பண்டாரவளைக்கு 057. தொலைபேசி இலக்கத்தை எண் வகையில் வைத்தால் முன்னால் இருக்கும் பூச்சியம் உதிர்ந்துவிடும். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பைத் திறந்த எவருக்கும் இந்தக் கூத்து தெரியும். சிஎஸ்வியில் வகை என்று எதுவுமே இல்லை, எல்லாம் எழுத்துதான். எக்செல் தானாக ஊகித்து மாற்றுகிறது. அந்த ஊகத்தின் கொடுமை எவ்வளவு என்றால், சில மனித மரபணுக்களின் குறியீடுகளை அது செப்டம்பர், மார்ச் திகதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. சலித்துப்போன விஞ்ஞானிகள், 2020இல் வந்த வழிகாட்டலோடு மரபணுக்களின் பேரையே மாற்றிவிட்டார்கள்.

நம் அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016 முதல் வழங்கும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்து கிடையாது. புதிய அட்டையை மட்டும் கையில் வைத்திருக்கும் இளம் நிரலாளர் அதை எண் என்று அறிவித்துவிடுவார். அவருடைய அம்மாவின் அட்டை அந்தச் செயலிக்குள் நுழையாது. சோதனை எளிது: இரண்டு அடையாள அட்டை இலக்கங்களைக் கூட்டினால் ஏதாவது அர்த்தம் உண்டா? இல்லை என்றால் அது எழுத்துத்தொடர். செக்ரோல் இலக்கத்தை நான் மேற்கோள் குறிக்குள் "0047" என்று எழுதியதும் அதனால்தான்.

மிகப் பெரிய எண்களிலும் ஒரு குழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை 9007199254740991 வரைதான் முழு எண்களைத் தப்பில்லாமல் காக்கும். அதற்கு மேலே கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ட்விட்டரின் பதிவு இலக்கங்கள் 2010இல் அவ்வளவு நீளமாகப் போனபோது, அதே இலக்கத்தை எழுத்துத்தொடராகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்.

## வராதது, வெறுமை, பூச்சியம்

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றும் வேறு.

ஒரு பெண் அன்றைக்குக் கொழுந்து மலைக்குப் போகவில்லை, புல்வெட்டுக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நிறுவையே இல்லை. இன்னொருவர் கொழுந்துக்குப் போனார். ஆனால் தராசு பழுதாகி நிறை பதியவில்லை. மூன்றாமவரின் நிறை உண்மையிலேயே பூச்சியம், மலைக்குப் போனவுடன் காய்ச்சலில் திரும்பிவிட்டார். பட்டியலுக்குப் பதிலாக "மொத்த நிறை" என்று ஒரே எண் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஜேசனில் முதலாமவருக்கு அந்தப் பெயரே வராமல் இருக்கலாம். இரண்டாமவருக்குப் பெயர் வந்து மதிப்பு நல் ஆக இருக்கலாம். மூன்றாமவருக்கு 0 வரலாம்.

கோ மொழியில் பெயர் வராவிட்டால் எண் புலத்தில் 0 இருக்கும். ஜாவாவின் அடிப்படை எண் வகைக்கும் பெரும்பாலும் இதே கதிதான். அதாவது மூன்று பெண்களும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். புல்வெட்டில் நாள் முழுக்க நின்றவருக்கும் கொழுந்துக் கணக்கில் பூச்சியம். செர்டேயும் பைடான்டிக்கும் வேறு வழியில் போகின்றன: கட்டாயம் என்று அறிவித்த புலம் வராவிட்டால் பிழை. வராமலும் போகலாம் என்றால் அதை வகையிலேயே எழுதிவிடவேண்டும். அப்படி எழுதிய வகையை ஆப்ஷனல் என்பார்கள். மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பழக்கம், தெரியாத பெயர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது. ஜேசனில் "மழை மில்லிமீற்றர்" என்று வகையில் இல்லாத பெயர் வந்தால் ஜாக்சனின் 2.x பதிப்புகள் இயல்பாகவே பிழை சொல்லும். கோவும் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனும் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போவது நல்லதுதான். நாளை அனுப்புகிறவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் நம் நிரல் விழாது. ஆனால் அனுப்புகிறவர் "நிறைகள்" என்பதை "நிறைகல்" என்று எழுதிவிட்டால்? தெரியாத பெயர், ஆகவே தாண்டிவிடு. தெரிந்த பெயர் வரவில்லை, ஆகவே வெற்றுப் பட்டியல். தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான இரண்டு தாராளங்கள் சேர்ந்து ஒரு முழு நாள் உழைப்பை ஒரு லகர ளகரப் பிழைக்குக் கொடுத்துவிடும். இரண்டில் ஒன்றையாவது இறுக்கிவையுங்கள். நான் கட்டாயப் புலங்களை இறுக்குவேன்.

சுருக்கமாக: வகை இறுக்கமா தளர்வா என்பதை நூலகத்தின் இயல்புக்கு விட்டுவிட்டால், முடிவு எடுத்தது நீங்கள் இல்லை. இயல்பு என்ன என்று ஒருமுறை ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## திகதி

ஜேசனில் திகதி எழுத்துத்தொடராகத்தான் வரும். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவுக்கு மார்ச் 4. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 தரத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சண்டை தீரும்.

அதன்பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஏப்ரல் 3 நள்ளிரவு என்று ஒரு திகதி ஆப்ஜெக்டை உருவாக்கி ஜேசனாக மாற்றினால், அது உலகப் பொது நேரத்துக்கு மாற்றித்தான் எழுதும். இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால் கிடைப்பது ஏப்ரல் 2 மாலை 18:30. வாங்குகிறவர் திகதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் எல்லாருடைய வேலையும் ஒரு நாள் பின்னால் போய்விடும். மாதத்தின் முதல் நாள் வேலை போன மாதச் சம்பளத்தில் விழும். நேரம் தேவையில்லாத இடத்தில் நேரத்தோடு சேர்ந்த வகையைப் பயன்படுத்தாமல், வெறும் திகதி வகையைப் பயன்படுத்துவதுதான் மருந்து.

## வகையை எழுதிவிட்டால் சோதனை நடந்துவிடுமா?

எல்லா மொழியிலும் நடக்காது. அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான்.

டைப்ஸ்கிரிப்ட்டில், வந்த ஜேசனை வாசித்துவிட்டு "இது நாள்பதிவு வகை" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம். எடிட்டர் உடனே ஏற்றுக்கொள்ளும், புலங்களின் பெயர்களை எடுத்துக்கொடுக்கும், சிவப்புக் கோடு ஒன்றும் வராது. ஆனால் டைப்ஸ்கிரிப்ட்டின் வகைகள் நிரலைத் தொகுக்கும்போதே நீக்கப்பட்டுவிடும். நிரல் ஓடும்போது அங்கே வகை என்று எதுவுமே இல்லை, சோதிக்க யாரும் இல்லை. நிறைகள் இருக்கவேண்டிய இடத்தில் "மழை" வந்தாலும் அப்படியே உள்ளே போகும். பிழை வெடிப்பது அங்கே இல்லை. பத்துக் கோப்பு தள்ளி, மாதக் கடைசியில், கூட்டல் நடக்கும் இடத்தில். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள், அங்கே பிழையே இருக்காது.

பைத்தானிலும் வெறுமனே எழுதும் வகைக் குறிப்புகளை மொழி ஓடும்போது சோதிப்பதில்லை. அதனால்தான் பைத்தானுக்குப் பைடான்டிக்கும், டைப்ஸ்கிரிப்ட்டுக்குச் ஸோட் போன்ற நூலகங்களும் தேவைப்படுகின்றன. வகையை ஒரு தகவலாக எழுதிவைப்பது ஒன்று, வரும் மதிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. செக்ரோலில் கட்டம் போட்டிருப்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது, கிளாக்கர் உட்கார்ந்திருக்கவேண்டும்.

இன்னும் ஒரு படி: வகை பொருந்துவதும் மதிப்பு நியாயமாக இருப்பதும் வேறு. 78 என்பது நல்ல தசம எண். ஒரே நிறுவையில் 78 கிலோ நல்ல நிறை இல்லை. எல்லை பார்ப்பது, திகதி எதிர்காலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இவற்றை வேலிடேஷன் என்பார்கள். டீசீரியலைசேஷன் நடக்கிற அதே இடத்தில் இதையும் வைத்தால், உள்ளே இருக்கும் மற்ற நிரல்கள் திரும்பத் திரும்பச் சந்தேகப்படத் தேவை இருக்காது.

## தமிழில் எழுதும்போது

தமிழ்ப் பெயர்களை வைத்து உதாரணம் காட்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "கொழுந்து" என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறிகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது. நூலகங்கள் பொதுவாகக் குறி குறியாகத்தான் ஒப்பிடுகின்றன. அங்கே இரண்டும் வேறு சொற்கள். வகையில் "கொழுந்து" என்று இருக்கிறது, ஜேசனிலும் "கொழுந்து" என்றுதான் இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை என்று பிழை வரும்போது தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இதைப் பாருங்கள். யூனிகோடில் இதற்கு நோர்மலைசேஷன் என்ற வழி இருக்கிறது. வந்த எழுத்தை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடவேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்கள் இன்னொரு தலைவலி. நம் நாட்டு அலுவலகங்களில் அவை இன்னும் கிடக்கின்றன. பாமினியில் திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. அதை ஜேசனுக்கு ஏற்றினால் பெயர்ப் புலம் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அதுவும் எழுத்துத்தொடர்தான். எழுத்துத்தொடர் என்ற வகை எதற்கும் முடியாது என்று சொல்வதே இல்லை. முடிந்த இடத்திலெல்லாம் அதைவிடக் குறுகிய வகையைத் தேடுவது நல்லது. வேலைக்கு மூன்றே தெரிவுகள் என்று வகையில் எழுதியது அதற்காகத்தான். "கொழுந்து", "கவ்வாத்து", "புல்வெட்டு" தவிர வேறு எது வந்தாலும் அங்கேயே நிற்கும்.

## ஊகிக்கும் வடிவங்கள்

அமைப்புக் கோப்புகளுக்கு அதிகம் பயன்படும் யாமல் வடிவத்தில் மேற்கோள் குறி இல்லாமலே எழுதலாம். வசதிதான், ஆனால் வாசிக்கிறவர் ஊகிக்கவேண்டியிருக்கிறது. யாமல் 1.1இன்படி "நோ" என்ற ஆங்கிலச் சொல் பொய் என்ற மதிப்பாகும். நோர்வேயின் நாட்டுக் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள். நாடுகளின் பட்டியலில் நோர்வே மட்டும் பொய்யாகிப்போன கதை நிரலாளர்களிடையே பிரபலம். 2009இல் வந்த 1.2 இதைத் திருத்தியது. பழைய விதிப்படி வாசிக்கும் நூலகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நமது நாட்டுக் குறியீடான எல்கேக்கு அந்த ஆபத்து இல்லை.

இன்னொன்று பாதுகாப்பு பற்றியது. சில வடிவங்கள் "இந்தக் கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கு" என்று தரவுக்குள்ளேயே கட்டளையிட விடுகின்றன. பைத்தானின் பிக்கிள் அப்படி, பைத்தானின் யாமல் நூலகத்தில் பாதுகாப்பில்லாத வாசிப்பு முறையும் அப்படி. முகம் தெரியாதவர் அனுப்பிய கோப்பை இவற்றால் திறந்தால், அவர் எழுதிய நிரல் உங்கள் கணினியில் ஓடக்கூடும். எந்த வகை என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கவேண்டும், அனுப்புகிறவர் அல்ல. யாமலுக்குச் சேஃப் லோட் என்ற முறை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

## பொருந்தாதபோது

இருநூறு பேரின் நாள்பதிவு ஒன்றாக வருகிறது, ஒன்று மட்டும் பொருந்தவில்லை. என்ன செய்வது? முழுவதையும் திருப்பி அனுப்பினால் ஒருவரின் பிழைக்கு மற்ற எல்லாரும் காத்திருக்கவேண்டும். பொருந்தாததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் ஒருவருக்குச் சம்பளம் இல்லை. நல்லதை ஏற்றிவிட்டு, பொருந்தாததைத் தனியே எடுத்துவைத்து, ஓர் ஆளிடம் காட்டுவதுதான் இப்படியான தரவுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். வங்கிப் பரிமாற்றம்போல எல்லாம் சேர்ந்தே நடக்கவேண்டிய இடங்களில் முழுவதையும் மறுப்பதுதான் சரி.

எப்படிச் செய்தாலும் பிழைச் செய்தியில் இடம் இருக்கவேண்டும். "தரவு தவறு" என்று மட்டும் வந்தால் யாருக்கும் பயனில்லை. "பதிவு 112, நிறைகள், இரண்டாவது மதிப்பு: எண் எதிர்பார்க்கப்பட்டது, வந்தது 'மழை'" என்று வந்தால், நிரல் தெரியாத கிளாக்கர்கூடப் போனை எடுத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுத் திருத்திவிடுவார். நல்ல நூலகங்கள் இந்தப் பாதையைத் தாமாகவே தருகின்றன. அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுச் சொந்தமாக "ஏதோ பிழை நடந்துவிட்டது" என்று திரையில் காட்டுவது நாம்தான்.